பஞ்சாலைக் கொட்டகையும் வீட்டுப் பட்டறையும்

கோவையின் தொழில் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1888-ல் தொடங்குவார்கள். ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோரின் முயற்சியில் கோயமுத்தூர் நூற்பு நெசவு ஆலை எழுந்த ஆண்டு அது. ஊரார் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். பிறகு 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில் என்று வரிசை நீளும். இவற்றைக் காட்டிலும் முக்கியமான ஆண்டு 1932 என்பது என் எண்ணம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது அப்போதுதான். பைக்காரா மின்சாரத்தால் மில்கள் பெருகின என்பது பலரும் அறிந்த செய்தி. அதே மின்சாரம் மில்லின் மதிலுக்கு வெளியே, வீடுகளின் புறக்கடையில் என்ன செய்தது என்பது அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. பழைய ஆலைக் கொட்டகை ஒன்றைப் பட்டறையாகவும் கார் நிறுத்தும் ஷெட்டாகவும் மாற்றிக்கொண்டு அதன் பக்கத்திலேயே குடியிருக்கும் ஆசை கொங்கு நாட்டில் இன்றும் பலருக்கு உண்டு. அந்த ஆசையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மின்சாரத்துக்கு முந்தைய ஆலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு மூலையில் நீராவி எஞ்சினோ எண்ணெய் எஞ்சினோ ஓடும். அதனால் சுழலும் நீண்ட இரும்புத் தண்டு கூரைக்கடியில் கட்டடத்தின் நீளத்துக்குச் செல்லும். தண்டில் கப்பிகள், கப்பிகளிலிருந்து கீழிறங்கும் தோல் பட்டைகள், பட்டைகளின் முனையில் எந்திரங்கள். எந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது தொழிலாளி அல்ல, தண்டு. கட்டடம் ஏன் நீண்டு கிடக்கிறது, தூண்கள் ஏன் ஒரே அளவான இடைவெளியில் நிற்கின்றன, சுவர் ஏன் அத்தனை தடிமன் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தத் தண்டுதான். ஒரே ஒரு லேத் மட்டும் ஓடினால் போதும் என்றாலும் தண்டு முழுவதும் சுழன்றாக வேண்டும். இந்த ஏற்பாட்டில் வீட்டுப் பட்டறை என்பதற்கு இடமே இல்லை.

மோட்டார் வந்ததும் தண்டு கழன்றது. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் என்றான பின்பு ஒரு லேத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். மாட்டுத் தொழுவத்தில் நிறுத்தலாம், பருத்திக் கிடங்கில் நிறுத்தலாம், ஓட்டம் நின்றுபோன ஜின்னிங் பாக்டரியின் ஒரு மூலையிலும் நிறுத்தலாம். அந்த மோட்டாரையும் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டிய நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் உருவாக்கிய மோட்டாரே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. கிணற்று நீரை நம்பிய கொங்கு விவசாயிக்கு அதனால் பம்புசெட் கிடைத்தது, பம்புசெட்டைப் பழுதுபார்க்க ஊருக்கு ஊர் பட்டறைகள் முளைத்தன.

இந்தப் பட்டறைகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? மில்களிலிருந்துதான். ஒவ்வொரு மில்லுக்குள்ளும் ஒரு பழுதுபார்ப்புப் பட்டறை இருந்தது. லங்காஷயரிலிருந்து கப்பலில் வந்த எந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்றுச் சக்கரம் வரும்வரை காத்திருக்க முடியாது. பிட்டர்களும் கடைசல்காரர்களும் வார்ப்பட வேலைக்காரர்களும் அதை அங்கேயே செய்தாக வேண்டும். மில் நூலை நூற்றது, கூடவே இந்தக் கைகளையும் பழக்கியது. 1926-ல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்பயிற்சிக் கூடம் அதே வேலையைப் பாடமாக்கிற்று. பிற்காலத்தில் டெக்ஸ்டூலும், 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனக் கூட்டுறவோடு எழுந்த லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் நூற்பு எந்திரங்களையே இங்கு செய்யத் துணிந்ததற்கு இப்படிப் பழகிய கைகளும் ஒரு காரணம்.

கார் ஷெட் என்ற பேச்சு வந்தால் ஜி.டி. நாயுடுவைத் தாண்டிச் செல்ல முடியாது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்து வண்டி வேலையைக் கற்ற கதை கோவையில் தெரியாதவர் இல்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கியவர் அவர். பிரித்துப் பார்த்தால்தான் அறிவு என்ற நம்பிக்கை இந்த ஊருக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து. 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தின் பழங்கார்கள் எல்லாம் பளபளவென்று நிற்கின்றன. எனக்கென்னவோ பானெட் திறந்து கிடக்கும் கார்தான் அவருக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம்.

ஆலையும் கார்ப் பட்டறையும் ஒரே குடும்பத்தில் சந்தித்ததற்கும் சான்று உண்டு. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று பெயர்பெற்ற அந்தக் கார், வெளிநாட்டு வண்டி வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கும் பந்தயத் தடத்தைத் திறந்துவிட்டது. 2005-ல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இளமையில் அதை ஓட்டியவர்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் எழுந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே இட்டார்கள்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். ரம்பப்பல் போன்ற கூரையும் அதன் வடக்கு முகத்தில் கண்ணாடியும் கொண்ட கொட்டகைகள் ஆலைகளுக்கே உரியவை. வடக்கு வெளிச்சத்தில் நிழல் விழாது, கண் கூசாது. நூலின் அறுந்த இழையைப் பார்க்க ஏற்ற வெளிச்சம், லேத்தில் நூலிழைக் கணக்கில் கடைவதற்கும் ஏற்ற வெளிச்சம். ஆனால் இந்த அமைப்பு லங்காஷயருக்காக எண்ணப்பட்டது. அங்கே நண்பகல் சூரியன் எந்நாளும் தெற்கேதான். கோவையோ ஏறத்தாழ 11 பாகை அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை இங்கே நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். கண்ணாடியின் சாய்வைப் பொறுத்து அந்நான்கு மாதமும் வெயில் நேரே உள்ளே இறங்கக்கூடும். கொட்டகையை வாங்கிக் குடிபுக நினைப்பவர்கள் மார்கழியில் பார்த்து மயங்கிவிடாமல் ஆனியிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பின்னாளில் கூரை மாற்றிய கொட்டகைகள் பலவற்றில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதைத் துளையிடுவதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு, வேலை தெரிந்தவர்களை விட்டே இறக்க வேண்டும். தரையோ பல்லாண்டு எண்ணெய் குடித்திருக்கும். பட்டறைக்கு அது குறையில்லை, படுக்கையறைக்கு ஆகாது. ஆகவே குடியிருப்பைத் தனிச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வதே முறை.

பம்பாயின் பீனிக்ஸ் மில் வணிக வளாகமாயிற்று. லண்டனில் மின்நிலையம் ஒன்று 2000-ல் டேட் மாடர்ன் ஓவியக்கூடமாயிற்று. அவிநாசி சாலையில் லட்சுமி மில் வளாகத்தின் ஒரு பகுதியும் அண்மை ஆண்டுகளில் கடைகளும் உணவகங்களுமாக மாறியது. இடித்துத் தள்ளுவதைவிட இவை மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே சுவர் மட்டுமே எஞ்சுகிறது. ஓர் ஆள், ஒரு லேத், பிரித்துக் கிடக்கும் ஒரு வண்டி என்று மாறும் கொட்டகையில் சுவரோடு தொழிலும் எஞ்சுகிறது. அழகில் குறைந்தாலும் என் கண்ணுக்கு இதுவே நேர்மையான மறுவாழ்வு.

இது வெறும் ரசனைச் சிக்கலாக நெடுநாள் இருக்கப் போவதில்லை. 1974-ல் நாட்டுடைமையாகித் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்த பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில் முதலியவை 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டன. அதன்பின் அவை முறையாக ஓடவில்லை. அவற்றின் தொழிலாளர்கள் நிலுவை ஊதியத்துக்காகப் போராடினார்கள். நிலத்தின் விலையைப் பற்றிப் பேச ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அந்தக் கொட்டகைகளுக்குள் இருந்த பழுதுபார்ப்புப் பட்டறைகளில் எந்த லேத்துகள் இன்னும் நிற்கின்றன, அவற்றில் வேலை பழகியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கத்தான் ஆளில்லை.