எலித் தொல்லையும் சாரைப்பாம்பும்: விலைக்கு வாங்க முடியாது, காப்பாற்ற முடியும்

எலிக் கட்டுப்பாடு குறித்துக் கிராமங்களில் பயிற்சி நடத்தும்போது, கூட்டம் முடிந்த பிறகு இளம் விவசாயிகள் சிலர் தனியாக வந்து கேட்பதுண்டு. "சார், வெளிநாட்டுல எலி திங்கிற பாம்பை விலைக்கு விக்கிறாங்களாமே, செல்போன்ல பார்த்தோம். குறைஞ்ச விலைக்கு ரெண்டு கிடைச்சா வயல்ல விட்டுடலாமா?" விளையாட்டாகக் கேட்பது போலத் தோன்றும். ஆனால், எலி மருந்துக்கும் பொறிக்கும் போகம்தோறும் செலவு செய்து சலித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அதனால் முறையாகவே பதில் சொல்கிறேன்.

அவர்கள் பார்த்தது பெரும்பாலும் கார்ன் ஸ்னேக் என்ற பாம்பாக இருக்கும். இது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, விஷம் இல்லாதது. மக்காச்சோளக் கொட்டகைகளில் எலி தேடி வருவதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். சாதுவான பாம்பு என்பதால் அங்கே கூண்டில் பிறந்த குட்டிகளை வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வைத்து, உறைய வைத்த எலியை வாங்கிக் கொடுத்து வளர்க்கிறார்கள். அதாவது, பாம்புக்காக எலியை விலைக்கு வாங்குகிறார்கள். நமக்கு அது பயன்படாது. வெளிநாட்டு உயிரினம் எதையும் நம் வயலில் விடவும் கூடாது.

அந்தப் பாம்பு செய்யும் வேலையைச் செய்யும் பாம்பு உங்கள் வரப்பிலேயே இருக்கிறது. அதுதான் சாரைப்பாம்பு. அதையும் விலைக்கு வாங்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சாரைப்பாம்பைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வளர்ப்பது, கொல்வது எல்லாமே குற்றம். யாராவது விலை சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வேறு இடத்தில் பிடித்து வந்து விட்ட பாம்பு, பழகாத இடத்தில் தங்காமல் அலைந்து, சாலையிலோ வீட்டோரத்திலோ அடிபட்டுச் சாவதற்கே வாய்ப்பு அதிகம்.

விவசாயி செய்யக்கூடியது ஒன்றுதான்: தானாக வந்த சாரையைத் தங்க விடுவது. அதற்குப் பணம் தேவையில்லை. அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கவனமும் வேண்டும்.

சாரைப்பாம்பினால் என்ன பயன்?

நம் வயல்களில் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவை அதிகம். இவற்றில் கரம்பை எலிதான் பெரிய சேதம் செய்கிறது. தூர்களைக் கடித்துப் போடுவதோடு, கதிர்களை அறுத்து வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்தும் வைக்கும். எலியின் சினைக்காலம் சுமார் 3 வாரம்தான். ஒரு ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டிகள் போடுவது சாதாரணம். நடவின்போது ஒரு ஜோடியாக இருந்தது அறுவடைக்குள் ஒரு கூட்டமாகிவிடும்.

ஆந்தையும் கூகையும் வெளியே வரும் எலியை இரவில் பிடிக்கும். பூனையும் அப்படித்தான். பொறியில் பெரும்பாலும் வெளியே நடமாடும் எலிதான் விழும். வளைக்குள் இருக்கும் தாயையும் குட்டிகளையும் அங்கேயே சென்று பிடிப்பது பாம்பு. சாரை பகலில் இரை தேடும், வேகமாக ஓடும், மரமும் ஏறும். எலி மட்டுமின்றித் தவளை, ஓணான், சிறு பறவைகள், சில நேரம் மற்றப் பாம்புகளையும் தின்னும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாரை இருந்தால் எலியே இருக்காது என்று எண்ண வேண்டாம். எலி பெருகிவிட்ட வயலில் பாம்பு மட்டும் போதாது. பொறி, வரப்புப் பராமரிப்பு, பறவைத் தாங்கி ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் பலன் தெரியும். கோழிக்குஞ்சு, முட்டை கிடைத்தால் சாரை அவற்றையும் எடுக்கும். கோழிக் கூண்டைச் சிறு கண்ணி உள்ள கம்பி வலையால் அடைத்துவிட்டால் அந்த இழப்பு இல்லை.

அடையாளம் காண்பது எப்படி?

சாரையை நல்லபாம்பு என்று நினைத்து அடிப்பதுதான் அதிகம் நடக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறத்தில், நீளமாக இருப்பதே காரணம். கவனிக்க வேண்டியவை:

• சாரை பொதுவாக 6 அடிக்கு மேல் வளரும். மஞ்சள் கலந்த பழுப்பு, ஆலிவ் பச்சை, கருமை எனப் பல நிறங்களில் இருக்கும்.
• கண் பெரிது. கண்மணி வட்டமாக இருக்கும்.
• உதட்டுச் செதில்களுக்கு இடையே கருங்கோடுகள் தெரியும்.
• உடலின் பின்பகுதியிலும் வாலிலும் கறுப்புப் பட்டைகள் வலைபோலக் காணப்படும்.
• கழுத்து மெலிந்து, தலை தனியாகத் தெரியும். படம் எடுக்காது. மிரண்டால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கிப் புடைத்து, உறுமுவது போல ஒலி எழுப்பும்.

நம் ஊரில் உயிரிழப்புக்கு முக்கியக் காரணமான நான்கு விஷப்பாம்புகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

• நல்லபாம்பு: மிரண்டால் படம் எடுக்கும். படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும்.
• கண்ணாடிவிரியன்: தடித்த உடல், முக்கோணத் தலை. முதுகில் சங்கிலிபோல மூன்று வரிசைப் புள்ளிகள். குக்கர் ஆவி விடுவது போல உரக்கச் சீறும்.
• கட்டுவிரியன்: பளபளக்கும் கருமை உடலில் மெல்லிய வெண்பட்டைகள். இரவில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான்.
• சுருட்டைவிரியன்: சிறியது. உடலைச் சுருட்டி, செதில்களை உரசி அரம் தேய்ப்பது போன்ற ஒலி எழுப்பும்.

படம் எடுக்காத நேரத்தில் நல்லபாம்பும் சாரைபோலத்தான் தெரியும். எனவே சந்தேகம் வந்தால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி தள்ளி நின்று, போக வழி விடுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ நெருங்கும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள்.

தவறான நம்பிக்கைகள்

"சாரைக்கு வாலில் விஷம்", "வாலால் அடித்தால் உடம்பு அழுகும்" என்பார்கள். சாரைக்குப் பல்லிலும் விஷமில்லை, வாலிலும் விஷமில்லை. "மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும்" என்பதும் தவறு. பாலை உறிஞ்சிக் குடிக்கும் வாயமைப்பு பாம்புக்குக் கிடையாது. தொழுவத்துக்கு அது வருவது அங்குள்ள எலிக்காக.

"சாரையும் நல்லதும் பின்னிக்கொள்ளும்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அப்படிப் பின்னி எழும்பி நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அது இனப்பெருக்கக் காலத்தில் நடக்கும் பலப்பரீட்சை. சாரை வேறு இனம், நல்லபாம்பு வேறு இனம்; இரண்டும் இணை சேர்வதில்லை.

வயலில் செய்ய வேண்டியவை

1. வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய வரப்பில் எலி வளை எடுப்பது குறையும்.

2. வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி, வாய்க்கால் ஓரமாகவோ வேலி மூலையிலோ சிறிது புதரை விட்டு வையுங்கள். பாம்பு, கீரி, ஆந்தை எல்லாவற்றுக்கும் அந்த மூலை போதும். உழவு நேரத்தில் அந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

3. இரவுப் பறவைகள் அமர, தென்னை மட்டை அல்லது குச்சியால் ஏக்கருக்கு 15 முதல் 20 தாங்கிகள் நடுங்கள். கதிர் முற்றியதும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் தானியம் தின்னும் பறவைகள் வந்து அமரும்.

4. தஞ்சாவூர் வில் பொறியை, அதாவது கிட்டியை, நடவு முதலே பயன்படுத்துங்கள். கதிர் வந்த பிறகு வைத்தால் பலன் குறைவு.

5. மாலையில் எல்லா வளைகளையும் சேற்று மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் காலை பாருங்கள். புது மண் தள்ளித் திறந்திருப்பவை எலி நடமாடும் வளைகள். பொறியை அவற்றின் அருகே மட்டும் வைத்தால் போதும். வளைக்குள் ஒருபோதும் கையை விடாதீர்கள். எலி வளையில் நல்லபாம்பும் விரியனும்கூடத் தங்கும்.

6. விஷ உணவைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். புரோமடையலோன் போன்ற மருந்தைத் தின்ற எலியைத் தின்னும் ஆந்தை, பூனை, நாய் ஆகியவையும் பாதிக்கப்படும். செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். வளைக்குள் நச்சுப் புகை போட்டால் உள்ளே எது இருந்தாலும் சாகும்.

7. காய்கறித் தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலை, நைலான் வலை கட்டுபவர்கள், அதன் அடிப்பகுதி தரையில் தளர்ந்து கிடக்காமல் இழுத்துக் கட்டுங்கள். சாரைகள் இதில் சிக்கித் தப்ப வழியில்லாமல் சாகின்றன. சிக்கிய பாம்பை நீங்களே எடுக்க முயலாதீர்கள். வனத்துறைக்கோ, 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறைக்கோ தெரிவியுங்கள்.

8. வைக்கோல் தாளை எரிக்காதீர்கள். மண்வளத்தோடு பாம்பு முட்டைகளும் தவளைகளும் அழிகின்றன.

வீட்டில் இடம் கொடுக்காதீர்கள்

வயலில் பாம்பு இருக்கட்டும், வீட்டில் வேண்டாம். பாம்பு வீட்டுக்கு வருவதற்கு முக்கியக் காரணம் எலி. நெல் மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். விறகு, ஓடு, செங்கல் குவியலை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கதவிடுக்கையும் சுவர் ஓட்டையையும் அடையுங்கள். தரையில் பாய் போட்டுத் தூங்காமல் கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனிடமிருந்தும் பாதுகாப்பு.

கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், முதலில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், அடுத்து நல்ல டார்ச், பிறகு பொறிகள் என்பேன். இரவில் மோட்டார் போடப் போகும்போது பூட்ஸும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர்.

பாம்பு கடித்துவிட்டால்

கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸிலோ கிடைக்கும் வண்டியிலோ உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடி அலைவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்துதான் தரப்படுகிறது. கடித்தது சாரை என்று தோன்றினாலும் மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும்.

அந்த விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தைத் தருவதில் நம் மாநிலத்தின் இருளர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். சாரைத் தோலும் அப்போது ஏராளமாக ஏற்றுமதியானது. 1970களில் தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு, 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. உரிமம் பெற்றுப் பிடித்து, விஷம் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள்.

அடுத்த முறை வரப்பில் சாரை குறுக்கே ஓடினால் தடியைத் தேட வேண்டாம். அது எந்த வளையை நோக்கிப் போகிறது என்று தள்ளி நின்று பாருங்கள். உங்கள் நெல்லைச் சேமித்து வைத்திருக்கும் எலியின் வளையாக அது இருக்கலாம். எலிக் கட்டுப்பாட்டில் மேலும் விவரம் வேண்டுவோர், தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை அலுவலகத்தையோ அணுகலாம்.