அல்லிராணி கோட்டை: ஒரு கட்டிடமும் இரு பெயர்களும்

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்து அமைந்துள்ளது அரிப்பு என்னும் ஊர். ஒல்லாந்தர் காலக் கோட்டையொன்று இங்கு உண்டு. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் தப்பி வந்து, 1679 ஒக்டோபரில் அடைக்கலம் பெற்றது இக்கோட்டையிலேயே. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர், கரைமேட்டின் விளிம்பிலே இடிந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் காண்பர். ஊரார் இதனை அல்லிராணி கோட்டை என்பர். ஆங்கில நூல்கள் டொரிக் என்னும். கட்டிடம் ஒன்றேயாயினும் பெயர்கள் சுட்டும் வரலாற்றுணர்வு வேறுவேறாகும்.

இதனைக் கட்டுவித்தவர் 1798 முதல் 1805 வரை இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியாகவிருந்த பிரெடறிக் நோர்த். கிரேக்கப் பண்பாட்டிலே பெருவிருப்புடைய இவர், பிற்காலத்தில், 1824 இல், கோர்பூத் தீவிலே அயோனியன் கல்விக்கழகத்தை நிறுவினார். 1801க்கும் 1804க்கும் இடையில் எழுந்த இம்மாளிகை கிரேக்கரின் டொரிக் தூண் மரபைத் தழுவியது. பெயரும் அதனாலேயே வந்தது. கிரேக்கரின் பளிங்கு இங்கு கிடைக்கவில்லை. செங்கல்லால் எழுப்பிய தூண்களின்மேல் சிப்பி சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டு, பளிங்கின் தோற்றம் உண்டாக்கப்பட்டது.

மக்கள் செறிவற்ற இவ்வறண்ட கரையிலே இத்தகைய மாளிகை எழுந்தமைக்குக் காரணம் முத்தேயாகும். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் சலாபம் நடைபெறும்போது, இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுறும் சில வாரங்களில், இருகரைகளிலிருந்தும் பல்லாயிரவர் இங்கு திரண்டனர். குளிப்பாளர் கல்லைத் துணையாகக் கொண்டு மூச்சடக்கிக் கடலடியில் இறங்கினர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடற்கட்டி' மந்திரிகனுக்கு அரசே ஊதியம் வழங்கியது. ஆயின் சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. நிகழ்ந்தாலும் சில வாரங்களோடு முடிவது. எனவே தேசாதிபதியின் மாளிகை பெரும்பாலான காலம் வெறிதே கிடந்தது. பயன் சிறிதும் பகட்டுப் பெரிதுமான கட்டிடம் இது எனில் தவறாகாது.

இனி, அல்லி என்னும் பெயரை நோக்குவோம். அல்லியரசாணியின் கதை தமிழ் நாட்டார் இலக்கியத்தில் நன்கறியப்பட்டது. தெற்கேயுள்ள குதிரைமலையிலிருந்து அவள் ஆட்சி செய்தாள் என்பது இப்பகுதியின் ஐதிகம். கட்டிய காலமும் கட்டியவர் பெயரும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்த ஒரு கட்டிடத்தை அவளுக்குரியதாகக் கொள்வது வரலாறாகாது. எனினும், இதனை அறியாமையெனத் தள்ளிவிடுதலும் முறையன்று. எப்போதாவது வந்து சென்ற அந்நிய அதிகாரியின் நினைவைப் பேணாத மக்கள், தம் கரைக்குத் தம் கதையிலிருந்தே ஓர் உரிமையாளரைத் தேடிக்கொண்டனர் எனக் கருத இடமுண்டு.

ஆயினும் இவ்விரு பெயர்களும் ஒரு குறையிலே ஒன்றுபடுகின்றன. ஒன்று தேசாதிபதியின் இரசனையைக் கூறுகிறது. மற்றையது அரசியின் பெருமையைக் கூறுகிறது. கடலடியில் இறங்கியவனை இரண்டுமே கூறவில்லை. லெனாட் வூல்ப் 1906 இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்திலே கடமையாற்றியபோது, எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு மட்டுமே குளித்தோருக்கும் உரியதாயிருந்தது. அவ்வாண்டிலேயே முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டன. சில ஆண்டுகளுள் சிப்பி அருகியது, கம்பனியும் நொடித்தது. குளித்தோர் தங்கிய ஓலைக் கொட்டில்கள் ஒவ்வொரு சலாபத்தோடும் மறைந்தன. மேற்பார்த்தவரின் மாளிகை மட்டும் எஞ்சியது.

இன்று அதனையும் கடல் தின்றுவருகிறது. கரைமேடு அரிபட, கட்டிடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது. எஞ்சிய சுவர்களை அளந்து பதிவுசெய்தல் தொல்லியலாளர் கடன். சலாபம் பற்றிக் கரையோரக் குடும்பங்களில் வழங்கும் சொற்களையும் செய்திகளையும் திரட்டுதல் வரலாற்று மாணவர் கடன். இரண்டாவது பணி பிந்துமாயின், சுவர்கள் காக்கப்பட்டாலும், அவற்றை எழுப்பிய செல்வம் யாருடைய மூச்சிலிருந்து வந்தது என்பதை அறிய வழியில்லாது போகும்.