வரைபலகையும் மறைந்த கட்டளைகளும்

சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலுள்ள பிடோக் வட்டாரம், அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, மலாக்காவில் பிறந்த எரேடியா என்பவர் 1604 ஆம் ஆண்டில் வரைந்த தேசப்படத்தில், அங்கே ஓடும் ஆற்றின் பெயரால் இடம் பெற்றுவிட்டது. நிலத்தின் உருவத்தைக் கோடு பின்பற்றி நடந்த காலம் அது. கோட்டின் விருப்பத்துக்கு நிலமே வளைந்துகொடுத்த காலம் 1966 இல் ஆரம்பமாயிற்று. பிடோக், சிக்லாப் பகுதிகளின் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டின் மீது கடலுக்கு அனுப்பி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 1,500 ஹெக்டேருக்கு மேற்பட்ட புதிய கரையை உண்டாக்கினார்கள். 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதுநகரம் எழுந்தது. மணல் தோண்டிய பள்ளம் 1986 இல் நீர்த்தேக்கமாயிற்று. இவை யாவும் முதலில் காகிதத்தில் உருப்பெற்றவை. அக்காகிதத்தின் மேல் குனிந்திருந்த டிராப்ட்ஸ்மன் என்னும் வரைவாளரின் தொழில் வரலாற்றில், அதிகம் பேசப்படாத ஓர் அம்சத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வரைபலகையின் காலத்தில் டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், காம்பஸ், பருமன் வாரியாக அடுக்கிய மைப்பேனாக்கள், டிரேசிங் பேப்பர், தவறிய கோட்டைச் சுரண்டி எடுக்கும் பிளேடு ஆகிய சகல உபகரணங்களும் மேஜையின் மேல் கண்ணுக்கு முன்னே கிடந்தன. அவற்றில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவன், மூத்தவரின் கை போகும் கிரமத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தே வித்தையைக் கற்றான்.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்த நிலைமை தலைகீழாயிற்று. 1963 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட், ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற அற்புதத்தை நிகழ்த்திக் காட்டினார்; ஆயினும், சாதாரண அலுவலகங்களின் மேஜைக் கம்ப்யூட்டரில் அந்தச் சக்தி பரவுவதற்கு 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருள் வழிகோலிற்று. அதன் ஆதாரம் கமாண்ட் எனப்படும் கட்டளை. கட்டளையின் பெயரைத் தட்டெழுதினால் காரியம் நடக்கும். திரையின் வலப்புறத்தில் சொற்களாக வரிசையிட்டு நின்ற மெனு, உள்ளே இருந்தவற்றுள் தெரிந்தெடுத்த சிலவற்றை மட்டுமே காட்டிற்று. 1987 இல் வந்த ஒன்பதாம் வெளியீடு, மேலிருந்து கீழே இறங்கும் மெனுக்களைத் தந்தபோதும் இந்த இயல்பு மாறவில்லை.

அந்த மெனுவும் எங்கும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை. அது வெறும் எழுத்துக் கோப்பாகவே இருந்ததால், விஷயம் தெரிந்தவர் அதைத் திறந்து தம் அலுவலகத்தின் தேவைக்கேற்பச் சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றை நீக்கியும் அமைத்துக்கொண்டார். 1986 இல் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி சேர்ந்தபின், மூத்த வரைவாளர்கள் சொந்தமாகவே கட்டளைகளைப் படைக்கலானார்கள். எந்த அச்சிட்ட கையேட்டிலும் காணப்படாத அவற்றின் பெயர்கள், பக்கத்து நாற்காலிக்காரரின் வாய்மொழியாகவே வழங்கிவந்தன.

பெரும் மாறுதல் 2008 இல் வந்தது. ஆட்டோகேட் 2009 என்ற வெளியீட்டில், படங்களும் பொத்தான்களும் நிறைந்த ரிப்பன் திரையின் மேற்பகுதியைப் பிடித்துக்கொள்ள, பழகிய மெனு வரிசை பார்வையிலிருந்து விலகிற்று. அது அழிந்துவிடவில்லை: மெனுபார் என்று தட்டெழுதி 1 என்று விடை கொடுத்தால் மறுகணமே திரும்பி வரும். பின்னர் 2015 வெளியீட்டில் 'கிளாசிக்' என்ற பழைய பணித்திரை ஏற்பாடும் நீக்கப்பட்டது. ஆயினும் மெனுபார் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பல நூறாகப் பெருகிவிட்ட கட்டளைகள் அனைத்தையும் ஒரு திரையில் நிறுத்துவது எவராலும் இயலாது. புதியவர் மிரளாமல் நுழைவதற்கு வாசல் எளிதாக இருப்பதும் அவசியமே. ஆனால், மறைக்கப்பட்டவற்றுள் இன்றியமையாதவையும் அகப்பட்டுக்கொண்டன என்பதே என் கவலை.

ஓர் உதாரணம் போதும். சிங்கப்பூரில் கட்டடத் திட்டங்களை மின்னியல் முறையில் சமர்ப்பிக்கும் கோர்நெட் ஏற்பாடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. ஒரே வரைபடக் கோப்பு கட்டடக் கலைஞர், அமைப்புப் பொறியாளர், மின்சார, குழாய் வேலைப் பொறியாளர் என்று கைமாறிக்கொண்டே போகும்போது, பலவகை மென்பொருள்கள் பதிந்துவிட்டுப் போகும் ரெக்ஆப் என்ற பெயர்கள் அதனுள் குப்பையாகச் சேர்ந்து, கோப்பைக் கனமாக்கி, திறப்பதையே தாமதமாக்கும். துப்புரவுக்கென்றே பர்ஜ் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அதன் அழகிய பெட்டி இந்தப் பெயர்களை நெடுங்காலம் காட்டவேயில்லை. பர்ஜ் என்பதற்கு முன்னால் ஒரு ஹைபன் குறியைச் சேர்த்துத் தட்டெழுதியவருக்கு மட்டுமே அவற்றை நீக்கும் வழி திறந்தது. பொத்தானையே நம்பியிருந்தவர் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்க, ஒரு குறியை அறிந்தவர் வேலையை முடித்துக்கொண்டு எழுந்தார்.

இத்தொழிலில் தமிழரின் பங்கு அற்பமானதன்று. பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த சர்வே பள்ளி 1794 இலேயே சென்னையில் தோன்றிற்று. தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் வரைவுக்கலை பயின்று சிங்கப்பூருக்கு வந்தவர்கள், பிடோக் போன்ற புதுநகரங்களில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் கூடி, ஊர்ச் செய்தியோடு தொழில் நுணுக்கத்தையும் பரிமாறிக்கொண்டார்கள். "தம்பி, மெனுவைத் தேடாதே, கமாண்டை அடி" என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் புத்திமதியில் வரைபலகைக் காலத்துக் குருகுல சம்பிரதாயமே தொடர்கிறது.

இன்றோ, 2013 முதல் 2015 வரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட பிம் என்ற முப்பரிமாண மாதிரி முறை, கோடு வரைவதையே பழைய வழக்கமாக்கிவருகிறது. அங்கேயும் மென்பொருள் புதுப்பிக்கப்படும்தோறும் பொத்தான்கள் இடம் மாறுகின்றன. மெனுவிலிருந்து இறங்கிய கட்டளை, அதன் பெயரை அறிந்த ஒருவர் இருக்கும்வரையில் உயிரோடிருக்கிறது. அறிந்தவர் யாவரும் ஓய்வு பெற்றுப் போனால், மென்பொருளுக்குள் இருந்தும் அது இல்லாததற்குச் சமமே. ஆகையால், முப்பது ஆண்டுகள் இத்தொழிலில் உழைத்த வரைவாளர்கள், தாம் அறிந்த கட்டளைகளின் பெயரையும் பயனையும் ஒரு நோட்டுப் புத்தகத்திலேனும் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இளைஞர்களும் பொத்தானோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னாலுள்ள கட்டளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திரை எத்தனை முறை மாறினாலும் தொழில் கையை விட்டுப் போகாதிருக்க அதுவே வழி.