ஆடுகளில் தொடங்கிய கணக்கு: டைவ் கம்ப்யூட்டரின் கதை

ஸ்கூபா டைவிங்கில் அடிப்படைப் பயிற்சியை முடித்தவுடன் வருகிற முதல் கேள்வி, எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்குவது? நானும் திரை, பேட்டரி, விலை என்று ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஒரு விஷயம் உறுத்தியது. ஒரே ஆழத்தில் பக்கத்துப் பக்கத்தில் நீந்தும் இரண்டு பேரின் கருவிகள் இரண்டு வேறு எண்களைக் காட்டலாம். ஒன்று இன்னும் 12 நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும், இன்னொன்று 7 நிமிடம்தான் என்று சொல்லும். ரெண்டுமே பழுதில்லாத கருவிகள். அப்புறம் எது சரி? இதற்குப் பதில் தேடினால் நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடுவோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். உடம்புக்குள் குமிழிகள் உருவாகி மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோகும். பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் இதற்குக் காரணம் நைட்ரஜன்தான் என்று 1878-லேயே காட்டிவிட்டார். ஆனால் எவ்வளவு மெதுவாக வர வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக லண்டனில் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதனை செய்தார். ஆடு பாதிக்கப்பட்டால் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும். அதுதான் அறிகுறி. 1906-ல் கடற்படையின் டேமன்ட், கேட்டோ இருவரும் ஸ்காட்லாந்துக் கடலில் 210 அடி வரை இறங்கி அந்த முறையை மனிதர்களிடம் சோதித்தார்கள். 1908-ல் பாய்காட், டேமன்ட், ஹால்டேன் மூவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அதிலிருந்த யோசனை எளிமையானது. உடம்பை ஐந்து டப்பாக்களாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நைட்ரஜனால் ஒவ்வொரு வேகத்தில் நிரம்புகிறது. பாதி நிரம்ப ஒன்றுக்கு 5 நிமிடம், மற்றவற்றுக்கு 10, 20, 40, 75 நிமிடம். எந்த டப்பாவிலும் நைட்ரஜன் ஒரு வரம்பைத் தாண்டாதபடி மேலே வந்தால் போதும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டப்பாக்கள் எந்த உறுப்பும் கிடையாது. கணக்கு ஒத்துவருவதற்காக வைத்துக்கொண்ட எண்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் பல டைவ் கம்ப்யூட்டர்களுக்குள் ஓடுவது இதன் வாரிசுதான். சில விநாடிக்கு ஒருமுறை அழுத்தத்தைப் படி, ஒவ்வொரு டப்பாவையும் புதுப்பி, வரம்போடு ஒப்பிடு. இந்த அடிப்படைக் கணக்கைக் கோடாக எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

வரம்புகள் எப்படி முடிவாயின என்பது இன்னும் சுவாரசியம். 1950-களில் அமெரிக்கக் கடற்படை புது அட்டவணை தயாரித்தபோது, தவளை மனிதர்கள் எனப்பட்ட நீச்சல் வீரர்கள் நிமிடத்துக்கு 100 அடிக்கு மேல் ஏற வேண்டும் என்றார்கள். கனத்த ஹெல்மெட் போட்ட முக்குளிப்பாளர்களுக்கு அந்த வேகம் சாத்தியமில்லை. கடைசியில் 60 அடி என்று பேசி முடித்தார்கள். உடலியல் சொன்ன எண் இல்லை அது, சமரசத்தில் வந்த எண். பல பத்தாண்டுகள் உலகமே அதைப் பின்பற்றியது. 1990-களில் கடற்படையே அதை 30 அடியாகக் குறைத்தது.

அட்டவணைகளில் இன்னொரு சிக்கல். 30 மீட்டரில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு மீதி நேரத்தை 12 மீட்டரில் கழித்தாலும், முழு நேரமும் 30 மீட்டரிலேயே இருந்ததாகத்தான் அட்டவணை கணக்கு வைக்கும். உண்மையான ஆழத்தைப் பின்தொடர ஒரு கருவி வேண்டும். 1959-ல் இத்தாலியில் எஸ்ஓஎஸ் மீட்டர் வந்தது. அதில் மின்சாரமே இல்லை. நீரின் அழுத்தம் ஒரு பையிலுள்ள வாயுவை நுண்துளைப் பீங்கான் வழியாக ஓர் அறைக்குள் தள்ளும், அந்த அறையின் அழுத்தத்தை முள் காட்டும். அழகான யோசனை. ஆனால் உள்ளே இருந்தது ஒரே ஒரு டப்பா. நீண்ட, தொடர்ச்சியான டைவ்களுக்கு அது போதவில்லை. பெண்ட்ஸ் என்ற நோயின் பெயரை ஒட்டி "பெண்டோமேட்டிக்" என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இதே காலத்தில் ஜூரிக்கில் ஆல்பர்ட் பூல்மான் என்ற மருத்துவர் டப்பாக்களின் எண்ணிக்கையைக் கூட்டி, வரம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இந்த ஆராய்ச்சிக் களம் விலை கேட்காமல் இல்லை. 1962 டிசம்பரில் அவருடைய கணக்கை நம்பி ஹான்னஸ் கெல்லர் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே 1000 அடி இறங்கினார். கெல்லர் பிழைத்தார். உடன் போன பத்திரிகையாளர் பீட்டர் ஸ்மாலும், உதவிக்கு இறங்கிய ஓர் இளைஞரும் இறந்துபோனார்கள். பூல்மான் தன் ஆய்வை 1983-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அவருடைய பிற்கால மாடலில் 16 டப்பாக்கள், அரைநேரம் 4 நிமிடத்திலிருந்து 635 நிமிடம் வரை. எண்கள் வெளிப்படையாக இருந்ததால் யாரும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் மென்பொருளிலும் இன்று அந்தக் கணக்குதான் இருக்கிறது.

அதே 1983-ல்தான் ஐரோப்பாவில் டெகோபிரெயினும் அமெரிக்காவில் ஓர்கா எட்ஜும் விற்பனைக்கு வந்தன. எட்ஜின் திரையில் 12 டப்பாக்களும் பட்டைகளாகவே தெரியும். 1987-ல் சுன்டோ, அலாடின் கருவிகள் வந்தபிறகு சாதாரண டைவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு மென்பொருள்காரனாக என்னைத் தூங்கவிடாத சம்பவம் ஒன்று உண்டு. 1990-களின் நடுவில் வந்த அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற கருவியில், டைவர் கரையேறிக் காற்றைச் சுவாசிக்கும் நேரத்திலும் நைட்ரஜன் குறைந்த நைட்ராக்ஸையே சுவாசிப்பதாகக் கணக்கு ஓடியது. உடம்பிலிருந்து நைட்ரஜன் நிஜத்தைவிட வேகமாக வெளியேறுவதாக அது நம்பும். அடுத்த டைவில் கூடுதல் நேரம் கொடுக்கும். 2003-ல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரே ஒரு மாறியில் பிழை. நம் வேலையில் அதற்கு ஒரு டிக்கெட் போட்டு மூடிவிடுவோம். அங்கே அது ஒருவருடைய முதுகுத்தண்டு.

சரி, எது வாங்குவது? இந்த வரலாற்றைப் படித்தபிறகு என் பட்டியல் மாறிவிட்டது. முதலில், எந்த அல்காரிதம் என்று கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது, எச்சரிக்கை அளவை நாமே கூட்டிக்கொள்ள முடிய வேண்டும். எரிக் பேக்கர் கொண்டுவந்த கிரேடியன்ட் ஃபேக்டர் முறையில் மேல் எண் 85 என்றால், மேலே வந்து சேரும்போது பூல்மான் வரம்பில் 85 சதவீதத்துக்குள் இருப்போம் என்று அர்த்தம். மூன்றாவது, கலங்கிய தண்ணீரிலும் படிக்க முடிகிற பெரிய எழுத்து. நாலாவது, பேட்டரியை நாமே மாற்றவோ சார்ஜ் செய்யவோ வசதி. முதல் கருவிக்கு இவ்வளவு போதும். ஒருவருடைய கருவியை இரண்டு பேர் நம்பக் கூடாது, ஒரே நாளில் டைவ்களுக்கு நடுவே கருவியை மாற்றவும் கூடாது. அதன் நினைவில் இருப்பது நம் உடம்பின் முந்தைய கணக்கு.

12-ஆ, 7-ஆ என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இரண்டுமே மதிப்பீடுகள். கருவி அளப்பது முக்கியமாக அழுத்தத்தையும் நேரத்தையும்தான். நேற்று நாம் சரியாகத் தூங்கினோமா, போதுமான தண்ணீர் குடித்தோமா, வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா, எதுவும் அதற்குத் தெரியாது. ஜோடியில் யாருடைய எண் சிறியதோ, அதைப் பார்த்து இரண்டு பேரும் மேலே வந்துவிட வேண்டும்.