வரி வரைந்த இன்ஜின்

பிரிட்டனில் 1920-களில் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சிறு தொழில் செழித்தது. சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களையும் அவற்றுக்கு உறவான குடும்பக் கார்களையும் பட்டறையில் பிரித்து, பிக்கப்பைக் கூட்டித் திருப்பித் தருவதுதான் அந்தத் தொழில். 1958 மே மாதம் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் அதற்கு ஏற்ற வண்டி. 948 சி.சி. இன்ஜின், சுமார் 43 குதிரைத்திறன், 660 கிலோ எடை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்கு 20 வினாடிக்கு மேல் ஆனது. வாங்கிய சில மாதங்களிலேயே அந்த வினாடிகளைக் குறைக்கப் பலர் பட்டறைகளை நாடினார்கள். இளமையின் வேக மோகமும் பந்தயக் கவர்ச்சியும்தான் இதற்குக் காரணம் என்று மோட்டார் வரலாறுகள் பொதுவாகச் சொல்கின்றன. ஆசை பிறந்த கதைக்கு அது போதும். அந்த ஆசை ஏன் சிலிண்டர் ஹெட்டை அரத்தால் ராவுவதிலும், கியர் விகிதத்தை மாற்றுவதிலும், எடையைக் கழிப்பதிலும் போய் முடிந்தது? ஏன் பெரிய இன்ஜினாக வாங்கிப் போடுவதில் முடியவில்லை? இதற்கு விடை பிரிட்டிஷ் அரசின் வரிச் சட்டங்களில் இருக்கிறது. இந்தத் தொழிலின் நுட்பங்களில் பெரும்பகுதி, வரி போட்ட வேலிக்குள் இருந்த இடத்தைத் துளியும் வீணாக்காமல் பயன்படுத்தக் கற்றதன் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1921 ஜனவரி முதல் பிரிட்டனில் கார்களுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி. அந்தக் குதிரைத்திறனை யாரும் இன்ஜினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை, அதாவது போரை, அங்குலத்தில் அளந்து வர்க்கப்படுத்தி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்துவிடுவார்கள். பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக்குக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பிஸ்டனின் வேகம் நிமிடத்துக்கு 1,000 அடி, அதாவது வினாடிக்குச் சுமார் 5 மீட்டர், என்ற ஊகத்தின்மேல் எழுந்த சூத்திரம் அது. அகன்ற போர் கொண்ட அமெரிக்க ஃபோர்டு மாடல் டி-க்கு இதன்படி 23 பவுண்டு வரி வந்தது. 1922-இல் வந்த ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டு. மலிவான வண்டி வேண்டுமென்றால் போர் குறுகியிருக்க வேண்டும். இன்ஜினுக்குக் கொஞ்சமாவது கொள்ளளவு வேண்டுமென்றால் ஸ்ட்ரோக் நீள வேண்டும். எனவே பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஒடுங்கி உயர்ந்த சிலிண்டர்களை வரைந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945-இல் வந்த எம்.ஜி. டி.சி.-யில்கூட போர் 66.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். அது நிமிடத்துக்கு 5,200 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15.6 மீட்டர், சூத்திரம் ஊகித்ததைப்போல மூன்று மடங்கு. இன்ஜின் ஊகத்தைத் தாண்டி ஓடிவிட்டது. அதன் வடிவம் மட்டும் ஊகத்துக்குள் சிக்கிக்கொண்டது.

இந்த வடிவம் பட்டறைக்காரருக்கு எதை விட்டுவைத்தது? சக்கரம் தரையை உந்தும் விசையை வண்டியின் எடையால் வகுத்தால் வருவதுதான் பிக்கப். விசையைக் கூட்டலாம், அல்லது எடையைக் குறைக்கலாம். விசையைக் கூட்ட எளிய வழி இன்ஜினின் கொள்ளளவைப் பெருக்குவது. ஆனால் நெருக்கி வார்த்த குறுகிய சிலிண்டர்களை அதிகம் குடைய முடியாது. அடுத்த வகுப்பு இன்ஜினை எடுத்துப் பொருத்தினால் ஆண்டு வரி ஏறும். இன்னும் வேகமாகச் சுழல விடலாமே என்றால், நீண்ட ஸ்ட்ரோக் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பாடாய்ப் படுத்தும். ஆஸ்டின் செவனின் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க இரண்டே பேரிங்குகள். சுற்று ஏற ஏற அது வளைந்து கொடுத்தது. ஆகவே மிச்சமிருந்தவை காற்று, கியர், எடை ஆகிய மூன்றும்தான். அதே சிலிண்டருக்குள் கூடுதல் காற்றையும் பெட்ரோலையும் செலுத்தினால், போர் மாறாமலேயே திறன் கூடும். வரி ஒரு பென்னிகூட ஏறாது. 1930-இல் ஆஸ்டின் செவன் அல்ஸ்டரை சூப்பர்சார்ஜரோடும் விற்றார்கள். காற்றை இயந்திர பலத்தால் திணிக்கும் அந்தக் கருவி, வரிச் சூத்திரத்தின் கண்ணில் படாத குதிரைத்திறன்.

சூப்பர்சார்ஜர் வாங்க வசதியில்லாதவர்கள் காற்றின் பாதையைச் சீர்படுத்தினார்கள். 1939-இல் தொடங்கிய 750 கிளப், உலகப் போருக்குப் பின் பழைய ஆஸ்டின் செவன்களைக் கொண்டு மலிவான பந்தயங்களை நடத்தியது. அந்த இன்ஜினின் நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக ஒரே வாசல் வழியே மூச்சிழுத்தன. ஒன்று இழுக்கும்போது பக்கத்துச் சிலிண்டரின் பங்கு குறையும். இளம் பொறியாளரான காலின் சாப்மன் 1951-இல் தம் லோட்டஸ் மார்க் 3 காருக்காக அந்தப் பாதையின் நடுவே தடுப்பு வைத்து, நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி வழி அமைத்தார். மற்ற கார்கள் பின்தங்கின. கிளப் விதியைத் திருத்தி அந்த உத்தியைத் தடைசெய்தது. புதிய உலோகமோ புதிய எரிபொருளோ இதில் இல்லை. இருக்கிற துளைக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்வியின்மீது ஒரு தலைமுறையின் கவனம் குவிந்திருந்ததற்கு இது சான்று.

அரசின் கை வரியோடு நிற்கவில்லை. 1939-இல் உலகப் போர் தொடங்கியதும் நிறுவனப் பெயர்கள் மறைந்து, நாடெங்கும் ‘பூல்’ பெட்ரோல் என்ற ஒரே மட்டமான எரிபொருள் வந்தது. அதன் ஆக்டேன் எண் 70-ஐ ஒட்டியே இருந்தது. சிலிண்டர் ஹெட்டின் அடித்தளத்தைச் சீவிக் கம்ப்ரஷனைக் கூட்டுவது பிக்கப்புக்குச் செலவில்லாத வழி. ஆனால் அந்தப் பெட்ரோலில் அப்படிச் செய்தால் இன்ஜின் தட்டும். 1953-இல் நிறுவனப் பெயர்களோடு தரமான பெட்ரோல் திரும்பிய பிறகே அந்த வழி தாராளமாகத் திறந்தது. எம்.ஜி. தொழிற்சாலையே டி வரிசைக் கார்களுக்கு வெளியிட்ட டியூனிங் கையேட்டில், எந்தப் படிநிலைக்கு எவ்வளவு கம்ப்ரஷன், அதற்கு எந்த எரிபொருள் என்று சேர்த்தே சொல்லியிருந்தார்கள். பெட்ரோல் பங்கில் என்ன கிடைக்கும் என்பது பட்டறையில் என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானித்தது.

புதுக் கார்களுக்குக் குதிரைத்திறன் வரி 1948-இல் ஒழிந்து, எல்லாவற்றுக்கும் ஒரே தொகையான 10 பவுண்டு வந்தது. என் வாதம் சரியென்றால் அன்றே இன்ஜின்களின் வடிவமும் மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை என்பதே வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரோடு வந்த ஏ-சீரிஸ் இன்ஜினின் ஸ்ட்ரோக் 76.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். 1922-இன் ஆஸ்டின் செவனுக்கும் அதே அளவுதான். போர் 58 மில்லிமீட்டர். சட்டம் ஒரு கையெழுத்தில் மாறலாம். வார்ப்பு அச்சுகளும் குடைவு இயந்திரங்களும் பொறியாளரின் கைப்பழக்கமும் அப்படி மாறுவதில்லை. இதே இன்ஜின்தான் 948 சி.சி. ஆகி ஸ்ப்ரைட்டில் வந்தது. இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே வாசல் என்ற பழைய குறை அதிலும் தொடர்ந்தது. 1957-இல் தொடங்கிய ஸ்பீட்வெல், வில்ட்ஷயரில் டேனியல் ரிச்மண்ட் நடத்திய டவுன்டன் போன்ற பட்டறைகள் வளர்ந்ததே இந்தக் குறையின்மேல்தான். வாசலை ராவி வழவழப்பாக்குவது, வால்வு இருக்கைகளைச் செதுக்குவது, பெரிய எஸ்.யு. கார்புரேட்டர்களைப் பொருத்துவது, வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்டைப் போடுவது என்று அவர்கள் வேலை போயிற்று. இன்ஜினையே தொடாத வழியும் இருந்தது. ஸ்ப்ரைட்டின் பின் அச்சில் 4.22 விகிதத்துக்குப் பதில் ஆஸ்டின் ஏ35-இன் 4.55 பல்சக்கரத்தைப் போட்டால், ஒவ்வொரு கியரிலும் உந்துவிசை சுமார் 8 விழுக்காடு கூடும். ஏறக்குறைய அதே அளவு, ஒரே சுற்றில் கிடைக்கும் சாலை வேகம் குறையும். வளைவும் மேடுமான பிரிட்டிஷ் சாலைகளில் அது நஷ்டமில்லாத பேரமாகத் தெரிந்தது.

வேலிக்கு வெளியே நின்று வரைந்தால் என்ன ஆகும் என்பதை 1959-இல் ஃபோர்டு ஆங்கிலியா 105இ காட்டியது. அதன் 997 சி.சி. இன்ஜினில் போர் 81 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 48.4 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாசல். ஸ்ப்ரைட் 5,200 சுற்றில் எட்டும் பிஸ்டன் வேகத்தை இந்த இன்ஜின் எட்ட 8,000-க்கு மேல் சுற்ற வேண்டும். அகன்ற போரில் பெரிய வால்வுகளும் அமரும். தொழிற்சாலையிலிருந்து 39 குதிரைத்திறனோடு வந்த சாதுவான குடும்பக் கார் இன்ஜின் அது. மைக் காஸ்டினும் கீத் டக்வொர்த்தும் நடத்திய காஸ்வொர்த் பட்டறை, 1960-களின் நடுவில் அந்த ஒரு லிட்டரிலிருந்து 100 குதிரைத்திறன் எடுத்தது. இதற்கிடையே ஏ-சீரிஸ் தரப்பும் விழித்துக்கொண்டது. 1963-இன் மினி கூப்பர் எஸ்-இல் சிலிண்டர்களின் இடத்தையே நகர்த்தி, 70.6 மில்லிமீட்டர் போரும் 68.3 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் வைத்தார்கள். ஏ-சீரிஸில் போர் ஸ்ட்ரோக்கை விஞ்ச, வரி ஒழிந்து 15 ஆண்டுகள் ஆயின.

எடையைக் குறைக்கும் மூன்றாவது வழிக்கு இன்னொரு வரி துணைபோனது. 1940-இல் வந்த கொள்முதல் வரி, புதுக் காரின் விலையை வெகுவாக ஏற்றியது. ஸ்ப்ரைட்டின் அடிப்படை விலை சுமார் 445 பவுண்டு, வரியோடு 669. ஆனால் உதிரிபாகங்களாக வாங்கி, வாங்கியவரே பூட்டிக்கொண்டால் இந்த வரி கிடையாது. 1957-இல் சாப்மன் விற்ற லோட்டஸ் செவன் இந்தச் சந்துக்குள் ஓடிய கார். வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டக்கூடிய வண்டி எளிமையாக இருந்தாக வேண்டும்: குழாய்ச் சட்டம், தட்டையான அலுமினியத் தகடு, கதவே இல்லை. அந்த எளிமைதான் எடையை 400 கிலோவுக்குக் கீழே வைத்தது. தொடக்கத்தில் ஃபோர்டின் பழைய 1,172 சி.சி. இன்ஜின் ஸ்ப்ரைட்டுக்கு இணையான 40 குதிரைத்திறனையே தந்தது. ஆனால் அது இழுக்க வேண்டிய சுமை மிகக் குறைவு. லேசாகக் கட்டுவது சாப்மனின் கொள்கை என்பது உண்மை. அந்தக் கொள்கை விலைபோனதில் வரி விலக்குக்குப் பங்குண்டு. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து விலக்கு மறைந்தது. அதே ஆண்டு லோட்டஸ் அந்தக் காரின் உரிமையை கேட்டர்ஹாமுக்குக் கொடுத்துவிட்டது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, பந்தயம். சர்வதேசப் பந்தயங்களில் 750 சி.சி., 1,100 சி.சி. என்று கொள்ளளவைப் பொறுத்தே பிரிவுகள். அவற்றுக்கும் பிரிட்டிஷ் வரிக்கும் தொடர்பில்லை. இதை மறுக்க முடியாது. 847 சி.சி. மிட்ஜெட்டை 1931-இல் 750 பிரிவுக்குக் கொண்டுவர எம்.ஜி. அதன் ஸ்ட்ரோக்கை 83 மில்லிமீட்டரிலிருந்து 73-ஆகக் குறைத்தது. அது முழுக்கப் பந்தய விதியின் வேலை. ஆனால் போர் 57 மில்லிமீட்டராகவே நின்றதைக் கவனிக்க வேண்டும். மாரிஸ் மைனர் குடும்பக் காருக்கு வரைந்த இன்ஜின் அது. பந்தய விதி எவ்வளவு வெட்டலாம் என்றது. எதை வைத்துத் தொடங்குவது என்பதை வரி முன்பே முடிவு செய்திருந்தது. இரண்டாவது மறுப்பு அமெரிக்கா. போர்மீது பிரிட்டனைப்போலக் கனமான வரி இல்லாத அந்நாட்டில், பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைத்த ‘ஹாட் ராட்’ இளைஞர்களும் ஹெட்டைச் சீவினார்கள், இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தினார்கள், மட்கார்டுகளைக் கழற்றி எடை குறைத்தார்கள். ஆம், நுட்பங்கள் பொதுவானவைதான், வரிசைதான் வேறு. 1932-இல் 3.6 லிட்டர் வி8 இன்ஜினை ஃபோர்டு சாமானியர் விலையில் விற்ற நாட்டில், போரைக் குடைந்து ஸ்ட்ரோக்கையும் நீட்டிக் கொள்ளளவைப் பெருக்குவது சாதாரண வழி. பிரிட்டனில் அது கடைசி வழி. கொள்ளளவின்படி வரி விதித்த ஜப்பானில் கதை மூன்றாவது விதம்: 1963-இல் ஹோண்டா எஸ்500 வெறும் 531 சி.சி.-யில், 8,000 சுற்றில், 44 குதிரைத்திறன் தந்தது. ஸ்ட்ரோக்கை நீட்டினால் அங்கே லாபமில்லை. சுற்றைக் கூட்டுவதில்தான் லாபம். ஆசை மூன்று நாட்டிலும் ஒன்று. வரி வேறுபட்டதால் இன்ஜின் வேறுபட்டது.

மூன்றாவதாக, அப்படியானால் வரிக்கு நன்றி சொல்ல வேண்டும், அது இல்லாவிட்டால் இத்தனை கைத்திறன் பிறந்திருக்காது என்று ஒருவர் வாதிடலாம். இதை நான் ஏற்கவில்லை. ராவிச் சரிசெய்த வாசல்கள் திறமைக்குச் சான்று என்றால், ராவ வேண்டியிருந்த நிலை ஓர் இழப்புக்குச் சான்று. அகன்ற போருக்கு வழிவிட்டிருந்தால் 1959-இன் இன்ஜினை நோக்கி பிரிட்டன் முன்பே நகர்ந்திருக்கலாம்; ஒரு தலைமுறையின் உழைப்பு, காகிதத்தில் பிறந்த குறையை உலோகத்தில் சரிக்கட்டுவதில் கரைந்தது. அதற்காக அந்த உழைப்பு வீண் என்றும் ஆகாது. காற்றின் ஓட்டத்தைப் பற்றி அவர்கள் கற்றதுதான் ஃபோர்டு இன்ஜின் கைக்கு வந்தபோது பயன்பட்டது.

இது முடிந்துபோன பழங்கதையும் அல்ல. இந்தியாவில் 2006 முதல் நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1,200 சி.சி.-க்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கிடைத்துவரும் வரிச் சலுகை, வால்பகுதி வெட்டுண்ட செடான்களையும் டர்போ பொருத்திய சிறு இன்ஜின்களையும் நம் சாலைக்குக் கொண்டுவந்தது. ஆகவே ஒரு காரின் பிக்கப்புக்கு வரலாறு எழுதுகிறவர் பந்தயக் கோப்பைகளோடு அந்தந்த ஆண்டின் நிதிச் சட்டத்தையும் படித்தாக வேண்டும். அளவுகோல் எதை எண்ணுகிறதோ அதைத் தயாரிப்பாளர் சுருக்குவார். எதை எண்ணாமல் விடுகிறதோ அங்கே பட்டறைக்காரர் வேலையைத் தொடங்குவார்.