50 ஹெர்ட்ஸ் ஊரில் 60 ஹெர்ட்ஸ் ஆட்டம்: நகல் டிவி கேம்களின் காலக்கணக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் பொம்மைகளோடு ஃபியூஸ் கட்டைகளும் உருவாகின்றன. அந்தக் கட்டை வழியே வீட்டுக்குள் நுழையும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. பக்கத்து நெய்வேலியில் 1962இல் முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியபோதும் அதே 50தான். பழைய டிவி கேம் கருவிக்கு நிரல் எழுதுபவர் திரையில் சந்திக்கும் கோளாறுகள் பல இந்த எண்ணிலிருந்தே கிளைக்கின்றன. அவற்றுக்கு மூல நிறுவனத்தைவிடச் சிறந்த தீர்வு கண்டவர்கள், ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கப்பட்ட நகல் கருவிகளின் சில்லு வடிவமைப்பாளர்கள் என்பது என் வாதம்.

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில், மின்னோட்டத்தின் அதிர்வு படத்தில் பட்டையாக விழுந்து நகர்வது பெருந்தொல்லையாக இருந்தது. படம் புதுப்பிக்கப்படும் வேகத்தை மின்சாரத்தின் வேகத்தோடு பொருத்தினால் பட்டை ஏறக்குறைய அசையாமல் நிற்கும், கண்ணை உறுத்தாது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொண்ட அமெரிக்கா 525 வரி, வினாடிக்கு 60 புலம் (திரையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வரைவது ஒரு புலம்) என்ற முறையை வகுத்தது. 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பாவில் 625 வரி, 50 புலம் நிலைபெற்றது. இந்தியா பின்னதை ஏற்றது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதும், 1982இல் வண்ண ஒளிபரப்பு பால் (PAL) முறையில் வந்ததும் இந்தச் சட்டகத்துக்குள்தான். சென்னையின் சாலிடேர், டயனோரா பெட்டிகள் எதிர்பார்த்தது வினாடிக்கு 15,625 வரி.

விளையாட்டுக் கருவிகளோ 60 புல முறை கொண்ட நாடுகளில் பிறந்தன. 1977இன் அட்டாரி 2600இல் படத்தைச் சேமிக்கும் நினைவகமே இல்லை. ஒவ்வொரு வரியையும் அது வரையப்படும் கணத்தில் நிரலே தயாரிக்க வேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பது 76 செயலிச் சுழற்சிகள். அமெரிக்க முறையில் ஒரு புலத்துக்கு, அதாவது இங்கு ஒரு சட்டகத்துக்கு, மொத்தம் 262 வரி, பால் முறையில் 312. எண்ணிக்கை சட்டகத்துக்குச் சட்டகம் மாறினால் படம் துள்ளும் அல்லது ஓடும். பால் கருவியில் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் நிறமே போய்விடும். நிறக் கட்டம் வரிக்கு வரி மாறுவதால் வரிகள் இரட்டைப்படையில் முடிய வேண்டும். நிறம் போனதும் கம்பியையும் பெட்டியையும் சந்தேகிப்பது வழக்கம். முதலில் எண்ண வேண்டியது வரிகளை.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம், படம் வரையும் வேலையைத் தனிச் சில்லுக்குக் கொடுத்தது. அங்கே நிரலாளரின் சிக்கல் வேறு. திரை வரையப்படும்போது பட நினைவகத்தைத் தொட்டால் படம் சிதறும். ஒரு சட்டகம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் 20 வரி இடைவெளிக்குள், சுமார் 2,273 சுழற்சிகளில், எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும். வேலை நீண்டால் மேல்வரிகளில் குப்பை தெரியும், அல்லது படம் குதிக்கும்.

இதே கருவியை நின்டெண்டோ ஐரோப்பாவுக்காக மாற்றியபோது இடைவெளி 70 வரியானது. செயலியின் வேகமும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்கு இறங்கியது. ஒரு வரிக்கு 113⅔ சுழற்சி இருந்தது 106½ அளவுக்குக் குறைந்தது. சுழற்சிகளை எண்ணித் திரையை மேல், கீழ்ப் பகுதிகளாகப் பிரித்த ஜப்பானிய ஆட்டங்கள் இதனால் நிலைகுலைந்தன. இசையின் சுருதியும் அரைச்சுரத்துக்கு மேல் இறங்கியது.

1990களில் நம் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்றவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். நகல் கருவியோடு வருபவை ஜப்பானிய ஆட்டங்கள், முன்னால் இருப்பது 50 ஹெர்ட்ஸ் பெட்டி. இத்தகைய சந்தைகளுக்காகத் தைவானின் யுஎம்சி நிறுவனம் செய்த செயலியும் யுஏ6538 படச்சில்லும் இரண்டு நுட்பமான மாற்றங்களோடு வந்தன. 26.6 மெகாஹெர்ட்ஸ் மூலத் துடிப்பை ஐரோப்பியக் கருவி 16ஆல் வகுத்தது. நகல் கருவி 15ஆல் வகுத்தது. அதனால் ஒரு வரிக்கு மீண்டும் அதே 113⅔ சுழற்சி. கூடுதலாக வந்த 50 வரிகளை, இடைவெளி தொடங்குவதாகப் படச்சில்லு நிரலுக்குத் தரும் அறிவிப்புக்கு *முன்னால்* வெறும் காத்திருப்பாக வைத்தார்கள். அறிவிப்பு கிடைத்த பின் நிரலுக்கு மிஞ்சுவது பழையபடி 20 வரி. ஜப்பானில் எழுதிய நிரலுக்குத் தான் வேறு நாட்டில் ஓடுவதே தெரியாது. ஆட்டத்தின் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்தது உண்மை. அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் திரைப் பிரிப்பு நின்றது, சுருதி ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. உரிமமின்றிச் செய்த வேலை என்பதற்காக இந்தப் பொறியியலைக் கணினி வரலாற்றில் எழுதாமல் விடுவது அநியாயம்.

இன்று இக்கருவிகளுக்குப் புதிதாக நிரல் எழுதுவோர் மூன்று வகைக் காலக்கணக்கையும் கருத வேண்டியிருக்கிறது. முதல் சோதனை எளிது. அடுத்தடுத்த இரு இடைவெளி அறிவிப்புகளுக்கிடையே ஒரு சிறு சுற்றை ஓடவிட்டு எண்ணினால், சுழற்சிக் கணக்கு ஏறத்தாழ 29,780 ஆனால் ஜப்பானிய, அமெரிக்கக் கருவி. 33,247 ஆனால் ஐரோப்பியது. 35,464 ஆனால் நகல். அதற்கேற்ப இசைவேகத்தையும் நகர்வையும் நிரலே திருத்திக்கொள்ளலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் புதிய எல்சிடி திரையில் படம் நடுங்கினால் நிரலைக் குடைய வேண்டாம். இக்கருவிகள் பின்னல் இல்லாத 312 வரியை அனுப்புகின்றன. அதைப் பின்னிய 625 வரி என்று பெட்டி தவறாகக் கொள்வதால் வரும் நடுக்கம் அது. பழைய குழாய் டிவியில் இணைத்துப் பார்த்தால் கோளாறு யாருடையது என்று உடனே பிரிந்துவிடும்.