கொலம்போ சம்பளத்தில் எடுத்த படம்

அமெரிக்க சுயாதீன சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்களில் பலர் ஜான் கசாவெட்டிஸில்தான் தொடங்குகிறார்கள். ஸ்டுடியோ வாசலிலேயே காத்துக் கிடக்காதவர், வீட்டை அடமானம் வைத்துப் படமெடுத்தவர், விநியோகஸ்தர் கிடைக்காதபோது தானே தியேட்டர்களுக்கு போன் போட்டுப் பேசியவர். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் கருவூலத்தில் பில் பார்த்துத் தலை நரைத்தவன். ஒரு கலைஞனின் பிடிவாதத்தைப் பற்றி யாராவது உருகி எழுதினால், பணம் எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்றுதான் என் கண் போகும். கசாவெட்டிஸின் வரவுப் பக்கத்தைப் புரட்டினால், கசங்கிய மழைக்கோட்டும் பாதி எரிந்த சுருட்டுமாக கொலம்போ என்ற டிவி துப்பறிவாளர் வந்து நிற்கிறார். அவராக நடித்தவர் பீட்டர் ஃபால்க்.

ஃபால்க் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. ஒரு காலத்தில் அவரும் எங்கள் தொழில்காரர். 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் புற்றுநோய் வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டத்தில் தன்னை அவுட் என்று சொன்ன அம்பயரிடம் கண்ணாடிக் கண்ணைக் கழற்றி நீட்டி, இது உங்களுக்குத்தான் வேண்டும் என்றாராம். வணிகக் கப்பலில் சமையல்காரராகப் போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்து முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு கனெக்டிகட் மாநில பட்ஜெட் அலுவலகத்தில், ஹார்ட்ஃபோர்டில் வேலை. அரசு வேலைகள் சிக்கனமாக, தாமதமில்லாமல் நடக்கின்றனவா என்று பார்க்கும் உத்தியோகம். சேர்ந்த முதல் நாள் அந்த அலுவலகக் கட்டடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அங்கிருந்து வாரந்தோறும் வெஸ்ட்போர்ட்டுக்கு கார் ஓட்டிப்போய் ஈவா லெ காலியன் நடத்திய நடிப்பு வகுப்பில் உட்காருவார். அது தொழில்முறை நடிகர்களுக்கான வகுப்பு. இவர் நடிகர் என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்திருந்தார். ஒவ்வொரு வாரமும் தாமதமாக வருவது ஏன் என்று அம்மையார் கேட்டபோது உண்மை வெளியே வந்தது. நடிகர் இல்லையென்றால் ஆகிவிட வேண்டியதுதான் என்றார் அவர். 1956இல் ஃபால்க் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு நியூயார்க் போனார். வயது இருபத்தொன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பென்ஷன் உள்ள வேலையை விட்டுப் போகிறவனைப் பார்த்தால் எங்கள் ஆபீசில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் சினிமாவும் டிவியும் இரண்டு வர்ணங்கள் மாதிரி. சினிமாக்காரர் டிவிக்கு வந்தால் வாய்ப்பு வற்றிவிட்டது என்று பொருள். டிவிக்காரர் சினிமாவுக்குப் போனால் பதவி உயர்வு. ஃபால்க்கை சினிமா முதலில் உள்ளே விடவில்லை. கொலம்பியா ஸ்டுடியோவின் முதலாளி ஹாரி கோன், அதே விலைக்கு இரண்டு கண் உள்ள நடிகன் கிடைப்பானே என்று திருப்பியனுப்பியதாகக் கதை. 1960இல் 'மர்டர், இன்க்.' படத்தில் ஏப் ரெலஸ் என்ற கூலிக் கொலையாளியாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அடுத்த ஆண்டு 'பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்' படத்துக்காக மறுபடியும். அதே வருஷங்களில் டிவிக்கான எம்மி பரிந்துரைகளும் வந்தன. தக்காளி ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநராக 'தி பிரைஸ் ஆஃப் டொமாட்டோஸ்' நாடகத்தில் நடித்து, 1962இல் எம்மியை வாங்கியேவிட்டார்.

கொலம்போ வேடம் அவருக்காக எழுதப்பட்டதல்ல. ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் உருவாக்கிய அந்த லெப்டினன்டை 1960இல் டிவியில் பெர்ட் ஃப்ரீட் நடித்தார், பிறகு மேடையில் தாமஸ் மிட்செல். 1968இல் வந்த டிவி படத்தை எடுக்க முனைந்தபோது பிங் கிராஸ்பி பெயர்கூட அடிபட்டது. ஃபால்க் வந்ததும் தன் வீட்டு அலமாரியில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்டுடியோவின் கார் கொட்டகையில் தேடி, அங்கே ஒதுங்கிக் கிடந்த பழைய பெஷோ 403ஐத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

தொடராக ஒளிபரப்பான விதத்தைக் கவனிக்க வேண்டும். ஃபால்க் வாராவாரம் நடிக்கச் சம்மதிக்கவில்லை. 1971 செப்டம்பரில் என்.பி.சி. மூன்று தொடர்களை ஒரே நேரத்தில் முறைவைத்து ஓட்டியது: ஒரு வாரம் 'கொலம்போ', ஒரு வாரம் 'மெக்ளவுட்', ஒரு வாரம் 'மெக்மில்லன் அண்டு வைஃப்'. முதல் பருவத்தில் கொலம்போ மொத்தமே ஏழு. ஆளுக்கு ஆண்டில் சில படங்கள்தான் என்பதால் ஃபால்க்குக்கு மாதக்கணக்கில் கை ஓய்வாக இருந்தது. அதே 1971இல் பிராட்வேயில் நீல் சைமன் நாடகத்தில் நடித்தார். மீதி நேரமும் மீதிப் பணமும் போன இடம்தான் என் விஷயம்.

1970இல் 'ஹஸ்பண்ட்ஸ்' படத்தில் கசாவெட்டிஸ், பென் கஸாரா, ஃபால்க் மூவரும் நண்பர்களாக நடித்து, வெளியிலும் நண்பர்களானார்கள். பிறகு கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது. 1972இல் 'எட்யூட் இன் பிளாக்' என்ற கொலம்போ கதையில் கசாவெட்டிஸ் கொலை செய்யும் இசை நடத்துநராக வந்தார். கஸாரா இரண்டு கொலம்போ கதைகளை இயக்கினார். கசாவெட்டிஸின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் 1975இல் 'பிளேபேக்' கதையில் நடித்தார். துப்பறியும் தொடர் பார்க்க உட்கார்ந்த அமெரிக்கக் குடும்பங்கள், தெரியாமலேயே ஒரு மாற்று சினிமாக் குழுவின் ஆட்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கம் கசாவெட்டிஸ் ரோலண்ட்ஸுக்காக ஒரு நாடகம் எழுதினார். தினமும் மேடையில் அதை நடித்தால் தன்னால் தாங்க முடியாது என்று ரோலண்ட்ஸ் சொல்லிவிட, அது திரைக்கதையானது. எந்த ஸ்டுடியோவும் காசு போடவில்லை. கதையைப் படித்த ஃபால்க் தன் பணம் ஐந்து லட்சம் டாலரைப் போட்டார். அந்த நாளில் ஃபால்க்கின் பணம் என்றால் பெரும்பகுதி கொலம்போவின் பணம் என்று எழுத எனக்கு வவுச்சர் தேவையில்லை. லாஸ் ஏஞ்சலஸில் நிஜமான ஒரு வீட்டில், அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு எடுத்தார்கள். 1974இல் வந்தது, 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்'. ரோலண்ட்ஸுக்கும் கசாவெட்டிஸுக்கும் ஆஸ்கர் பரிந்துரை. முதலீடு செய்தவருக்குப் பரிந்துரை இல்லை. அவர் நடிப்புக்கும் இல்லை. இதை நான் ஆட்சேபக் குறிப்பாகவே எழுதிவைக்கிறேன்.

ஏனென்றால் அதில் ஃபால்க் செய்திருப்பது சின்ன வேலை அல்ல. நிக் லாங்கெட்டி ஒரு கட்டுமானக் கூலியாட்களின் தலைவன். மனைவியின் மனம் பிறழ்கிறது. அவனுக்கு அவள் மேல் உயிர், ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் கத்துகிறான், அடிக்கிறான், ஊரையே வீட்டுக்குக் கூட்டிவந்து விருந்து வைக்கிறான். கொலம்போவைப் பார்த்த கண்ணோடு இதைப் பாருங்கள். நெற்றியைத் தேய்ப்பது, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ போவது, கை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுவது, எல்லாம் அதே. கொலம்போவிடம் அந்தத் தடுமாற்றம் வேஷம். எதிரில் இருப்பவன் அசந்த நேரத்தில் பிடிப்பதற்கு. நிக்கிடம் அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை, அவனுக்கு உண்மையாகவே தெரியாது. ஒரே கருவிகள், ஒன்றில் பொய், ஒன்றில் மெய். பல வேடம் போடுகிறவர் என்றால் மீசை மாற்றி, குரல் மாற்றி வருகிறவர் என்று நாம் பழகியிருக்கிறோம். நான் இவரைத்தான் சொல்வேன்.

எலைன் மே இயக்கிய 'மைக்கி அண்டு நிக்கி'யில் மறுபடியும் கசாவெட்டிஸோடு. பிலடெல்பியாவில் 1973இல் தொடங்கிய அந்தப் படத்துக்கு அம்மையார் படம்பிடித்துத் தீர்த்த ஃபிலிம் சுமார் 14 லட்சம் அடி. வெளிவந்தது 1976 டிசம்பரில். அந்தக் கணக்கை யார் தணிக்கை செய்தார்களோ, பாவம்.

கொலம்போவை எடுத்த ஸ்டுடியோவோடு ஃபால்க்குக்கு ஓயாத சண்டை. ஒரு கதையை இயக்கத் தர வேண்டும் என்று முரண்டு பிடித்தார். அவர்கள் கொடுத்தது, கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் இடத்தில் எடுக்க வேண்டிய 'புளூபிரின்ட் ஃபார் மர்டர்'. சுலபமான வேலையைக் கொடுத்துவிடுவார்களா என்ன? முடித்துக்கொடுத்தார். 1976 வாக்கில் அவருக்கு ஒரு படத்துக்கு மூன்று லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. பேராசைக்காரர் என்றும் எழுதினார்கள்.

1978இல் என்.பி.சி. கொலம்போவை நிறுத்தியது. பிறகு இயக்குநர் விம் வெண்டர்ஸ் பெர்லினுக்குக் கூப்பிட்டார். வேடம் இன்னும் எழுதியாகவில்லை, ஃபால்க் போனார். 1987இல் வந்த 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்தில் அவர் பீட்டர் ஃபால்க்காகவே, முன்பு தேவதையாக இருந்து மனிதனானவராக வருகிறார். தெருவில் பையன்கள் அது கொலம்போவா என்று பார்க்கிறார்கள். இவ்வளவு பழைய கோட்டோடு அவர் திரிய மாட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஏ.பி.சி. சேனல் கொலம்போவை மீண்டும் தொடங்கியபோது சம்பளம் ஆறு லட்சமானது என்பார்கள். புதிய முதல் கதை ஒளிபரப்பான நாள் 1989 பிப்ரவரி 6. கசாவெட்டிஸ் இறந்தது பிப்ரவரி 3. அதன் பிறகு 2003 வரை ஃபால்க் கொலம்போவாக வந்தார், 1968 முதல் எல்லாம் சேர்த்து மொத்தம் 69 படங்கள். 1990இல் இன்னொரு எம்மி வாங்கினார். அதே ஆண்டில் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' படத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.